ட்ரோனுக்கு முன்பே நான்கு விசிறிகளில் எழும்பிய இயந்திரம்: யார் இந்த லூயி ப்ரெகே?

உங்களிடம் ஒரு சின்ன ட்ரோன் இருந்தால் அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். இல்லையென்றால் பரவாயில்லை, அடுத்த முறை பூங்காவில் யாராவது பறக்கவிடும்போது கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. நான்கு மூலையிலும் நான்கு விசிறிகள் இருக்கும். நான்கும் ஒரே பக்கம் சுற்றாது. எதிரெதிர் மூலைகளில் இருக்கும் இரண்டு வலப்பக்கமாகச் சுற்றும். மற்ற இரண்டும் இடப்பக்கமாகச் சுற்றும்.

ஏதோ நேற்று வந்த யோசனை மாதிரி தெரியும். ஆனால் 1907-லேயே பிரான்சின் வடக்கில் உள்ள துவே என்ற ஊரில் ஓர் இளைஞர் இதே அமைப்பில் ஓர் இயந்திரத்தைக் கட்டினார். விளையாட்டுப் பொருள் அளவில் இல்லை. ஆள் உட்காரும் அளவில்.

அது எழும்பியது. எழும்பியபோது அதன் நான்கு மூலைகளையும் நான்கு பேர் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இளைஞர் லூயி ப்ரெகே. அப்போது அவருக்கு வயது 27. அந்த நான்கு பேரும் கையை எடுத்துவிடலாம் என்ற நிலைக்கு வர அவருக்கு இன்னும் 28 ஆண்டுகள் பிடித்தன.

கடிகாரக் குடும்பத்துப் பையன்

ப்ரெகே என்ற பெயரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ஆர்ச்சர்ட் சாலையிலோ கோலாலம்பூர் பேரங்காடிகளிலோ விலை உயர்ந்த கைக்கடிகாரக் கடைகளின் கண்ணாடியில் பார்த்திருக்கலாம். அதே குடும்பம்தான். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசில் அரச குடும்பத்தினருக்குக் கடிகாரம் செய்துகொடுத்த ஆப்ரகாம்-லூயி ப்ரெகே, நம்ம லூயியின் தாத்தாவுக்குத் தாத்தா.

ஆனால் லூயி 1880 ஜனவரி 2-ஆம் தேதி பாரிசில் பிறந்தபோது கடிகாரத் தொழில் குடும்பத்தின் கையில் இல்லை. 1870-இலேயே அது வேறொருவருக்குப் போய்விட்டது. குடும்பம் தந்திக் கருவிகள், மின்சாரக் கருவிகள் என்று வேறு பாதைக்குத் திரும்பியிருந்தது. அந்தக் காலத்தில் அதுதான் புதுத் தொழில்நுட்பம்.

லூயிக்கு இரண்டு வயதாக இருந்தபோது தந்தை அந்துவான் இறந்துவிட்டார். அவர் ஓர் அறிவியல் சஞ்சிகையையும் நடத்தியவர். அந்த வேலையில் அவரோடு இருந்தவர் ஷார்ல் ரிஷே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிஷே ஒரு மருத்துவப் பேராசிரியர். கடலையோ இறாலோ சாப்பிட்டதும் சிலருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வீங்கி மூச்சுத் திணறுகிறதே, அந்த வகைக் கடும் ஒவ்வாமையை ஆராய்ந்து 1913-இல் நோபெல் பரிசு வாங்கியவர். அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது: பறப்பது. 1890-களிலேயே விக்டர் தாத்தென் என்பவரோடு சேர்ந்து, ஆள் இல்லாமல் நீராவியில் பறக்கும் மாதிரி விமானத்தைச் சோதித்திருந்தார்.

லூயி மின்பொறியியல் படித்தார். படித்து முடித்ததும் துவேயில் இருந்த குடும்பத் தொழிற்சாலையில் வேலை. தம்பி ஜாக் கூட இருந்தார். ஆலோசனை சொல்ல ரிஷே இருந்தார். பட்டறை, இயந்திரங்கள், தொழிலாளர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பணக்கார வீட்டுப் பையனுக்குக் கிடைத்த வசதி என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்த வசதியை வைத்து அவர் பிடித்த வேலை சுலபமானது இல்லை.

அதுவரை ரைட் சகோதரர்கள் பறந்த விதம் வேறு. விமானம் முன்னால் ஓட வேண்டும். ஓடினால்தான் இறக்கை தூக்கும். ப்ரெகே சகோதரர்கள் நேராக மேலே எழும்ப ஆசைப்பட்டார்கள். இறக்கை ஓடாது, அதற்குப் பதில் சுற்றும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜைரோபிளேன்.

ஏன் எதிரெதிராகச் சுற்ற வேண்டும்?

வீட்டு மின்விசிறியை அண்ணாந்து பாருங்கள். இறக்கைகள் ஒரு பக்கம் சுற்றும்போது, அதைப் பிடித்திருக்கும் தண்டு மறுபக்கம் முறுக்கப் பார்க்கும். கூரைக் கொக்கி இறுக்கிப் பிடித்திருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. அதே விசிறியை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஓடவிட்டால் (தயவுசெய்து செய்யாதீங்க) கயிறு எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொண்டே போகும்.

வானத்தில் கொக்கி கிடையாது. ஒரு பெரிய விசிறியை வைத்து மேலே எழும்பினால், விசிறி ஒரு பக்கமும் உள்ளே உட்கார்ந்திருப்பவர் மறுபக்கமும் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ராட்டினம்தான்.

வழி என்ன? இரண்டு விசிறிகளை வைத்து ஒன்றை வலப்பக்கமும் இன்னொன்றை இடப்பக்கமும் சுற்றவிடுவது. ஒன்றின் முறுக்கை மற்றொன்று தின்றுவிடும். நான்கு வைத்தால் இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். கணக்கு சரியாக இருந்தால் நடுவில் இருப்பவர் அசையாமல் இருப்பார்.

ப்ரெகே இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்.

1907: துவேயில் நடந்தது என்ன?

முதலாம் ஜைரோபிளேனை நேரில் பார்த்திருந்தால் பறக்கும் பொருள் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். எஃகுக் குழாய்களால் கட்டிய பெரிய சிலுவை வடிவம். பாலம் கட்டும் இடத்தில் கிடக்கும் சட்டம் மாதிரி இருக்கும். சிலுவையின் ஒவ்வொரு கை நுனியிலும் சுமார் 8 மீட்டர் அகலமுள்ள ஒரு சுழலி. ஒவ்வொரு சுழலியிலும் துணி போர்த்திய நான்கு இறக்கைகள். அதுவும் அந்தக் கால விமானம் மாதிரி மேலும் கீழுமாக இரட்டை இரட்டையாக. மொத்தம் கூட்டினால் 32 இறக்கைப் பரப்புகள்.

நடுவில் சுமார் 40 குதிரைத்திறன் கொண்ட ஒரே ஓர் இயந்திரம். இன்று நம் சாலைகளில் ஓடும் சின்னக் காருக்கே அதைவிடக் கூடுதல் சக்தி உண்டு. அந்த ஓர் இயந்திரத்திலிருந்து வார்ப்பட்டைகள், கப்பிகள் வழியாக நான்கு சுழலிகளுக்கும் சக்தி போனது. ஆளோடு சேர்த்து எடை அரை டன்னைத் தாண்டியது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவர் வொலுமார் என்ற பொறியாளர். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், எடை குறைவானவர் என்பது.

1907 கோடையின் கடைசியில் தொடங்கிய சோதனைகளில் இந்த இயந்திரம் தரையை விட்டு மேலே வந்தது. எவ்வளவு உயரம்? சுமார் 60 சென்டிமீட்டர். பிறகு நடந்த சோதனைகளில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்.

சிரிக்காதீங்க. ஓர் ஆளைச் சுமந்துகொண்டு, ஓடாமல், நின்ற இடத்திலிருந்து ஓர் இயந்திரம் தன் சொந்தச் சக்தியில் எழும்பியது.

இங்கேதான் அந்த நான்கு பேர் வருகிறார்கள். ஒவ்வொரு கைக்கும் ஒருவர் என்று நின்று, இயந்திரம் சாயாமல் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் தூக்கவில்லை, தூக்கியது சுழலிகள்தான். ஆனால் அவர்கள் விட்டிருந்தால் இயந்திரம் எந்தப் பக்கமாவது சாய்ந்து, இறக்கை தரையில் அடித்து நொறுங்கியிருக்கும்.

ஏன் சாயும்? முறுக்குதான் தீர்ந்துவிட்டதே?

முறுக்கு என்பது ஒரு பிரச்சினை. சமநிலை என்பது வேறொன்று. உங்கள் ட்ரோன் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தால், உள்ளே இருக்கும் உணர்கருவி அதைக் கண்டுபிடித்து, இடப்பக்க விசிறிகளைக் கொஞ்சம் வேகமாகவும் வலப்பக்க விசிறிகளைக் கொஞ்சம் மெதுவாகவும் சுற்றச் சொல்லும். இது ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. ஒவ்வொரு விசிறிக்கும் தனி மோட்டார் இருப்பதால் இது முடிகிறது.

ப்ரெகேயிடம் இருந்தது ஒரே இயந்திரம். நான்கு சுழலிகளும் ஒன்றோடொன்று கட்டிப்போட்ட மாதிரி ஒன்றாகவே சுற்றும். ஒன்றை மட்டும் வேகப்படுத்த முடியாது. உணர்கருவி இல்லை, கணினி இல்லை. காற்று கொஞ்சம் திரும்பினால் என்ன செய்வது என்பதற்கு வொலுமார் கையில் விடை எதுவும் இல்லை. ஆக, 1907-இல் அந்த உணர்கருவியின் வேலையைத்தான் நான்கு தொழிலாளர்கள் செய்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 8 மீட்டர் அகலச் சுழலி தரைக்கு இவ்வளவு பக்கத்தில் சுற்றும்போது, கீழே தள்ளப்படும் காற்றைத் தரை தடுத்து ஒரு மெத்தை மாதிரி தாங்கும். உயரப் போகப் போக அந்த உதவி கிடைக்காது. எனவே ஒன்றரை மீட்டரில் எழும்பும் இயந்திரம் பத்து மீட்டருக்கும் போகும் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்போ, முதல் ஹெலிகாப்டர் யாருடையது?

இது பழைய சண்டை. அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி, நார்மண்டியில் லிசியே ஊருக்குப் பக்கத்தில் போல் கோர்னு என்ற சைக்கிள் தயாரிப்பாளர் இரண்டு சுழலிகள் கொண்ட இயந்திரத்தில் ஒரு சாண் உயரம் எழும்பினார். யாரும் பிடிக்கவில்லை என்பதால் பல புத்தகங்கள் அவருக்கே முதலிடம் கொடுக்கின்றன. ஆனால் பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்த பொறியாளர்கள் சிலர், அவரிடம் இருந்த சிறிய இயந்திரத்தால் ஆளோடு எழும்பியிருக்க முடியுமா என்று சந்தேகப்பட்டார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ப்ரெகேக்கு எழும்பும் சக்தி இருந்தது, சுதந்திரம் இல்லை. கோர்னுவுக்குச் சுதந்திரம் இருந்தது, சக்தி போதுமா என்பது கேள்வி. இருவருக்குமே கட்டுப்பாடு இல்லை.

ப்ரெகே நிறுத்தவில்லை. 1908-இல் இரண்டாம் ஜைரோபிளேன் வந்தது. இந்த முறை சுழலிகள் இரண்டுதான். அவற்றை முன்னால் சாய்த்துவைத்து, கூடவே நிலையான இறக்கைகளையும் பொருத்தினார். எழும்பவும் வேண்டும், முன்னால் போகவும் வேண்டும் என்ற ஆசை. அது ஒரு கடினமான தரையிறக்கத்தில் சேதமடைந்தது. திருத்திக் கட்டினார்கள். 1909-இல் புயல் வந்து அதையும் நாசமாக்கியது.

அத்தோடு சுழலும் இறக்கைகளை ஓரமாக வைத்துவிட்டார்.

விமானத் தொழிலதிபர்

இதற்குப் பிறகு வரும் 20 ஆண்டுகள்தான் அவரைப் பிரபலமாக்கின. அவற்றை நான் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் கதை சுழலிகளைப் பற்றியது.

1909-இலேயே அவருடைய சாதாரண விமானம் பறந்தது. 1911-இல் சொந்த விமான நிறுவனம். முதல் உலகப் போர் தொடங்கியபோது வேவு பார்க்கும் விமானத்தைத் தாமே ஓட்டினார். 1916 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த ப்ரெகே 14, மரச்சட்டத்துக்குப் பதிலாக டூராலுமின் என்ற அலுமினியக் கலவையைத் தாராளமாகப் பயன்படுத்திய குண்டுவீச்சு விமானம். மொத்தம் சுமார் 8,000 விமானங்கள் தயாராயின. நமக்குப் பக்கத்தில் சயாமும், அதாவது இன்றைய தாய்லந்தும், ப்ரெகே 14 விமானங்களை வைத்திருந்தது.

போர் முடிந்ததும் 1919-இல் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அது பிறகு மற்ற நிறுவனங்களோடு இணைந்து, 1933-இல் ஏர் பிரான்ஸ் உருவானபோது அதில் கலந்தது. 1930 செப்டம்பரில் கோஸ்த், பெலோந்த் என்ற இரு விமானிகள் பாரிசிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் பறந்தார்கள். 37 மணி நேரப் பயணம். அவர்கள் ஓட்டியதும் ப்ரெகே விமானம்தான்.

ஒரு விமானம் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிடும் சூத்திரத்தைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் ப்ரெகே சமன்பாடு என்றே படிக்கிறார்கள். விமானம் காற்றை எவ்வளவு சுலபமாகக் கிழிக்கிறது, இயந்திரம் எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக எரிக்கிறது, கிளம்பும்போது இருந்த எடைக்கும் இறங்கும்போது இருக்கும் எடைக்கும் உள்ள விகிதம் என்ன என்ற மூன்றும் அதில் வரும். சாங்கியிலிருந்து நியூயார்க்குக்கு நேராகப் பறக்கும் விமானத்துக்கும் அடிப்படைக் கணக்கு அதே.

இடையில் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் வெண்கலப் பதக்கம் வேறு வாங்கினார். எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், மனிதர் சும்மா இருந்தவர் இல்லை. ஹெலிகாப்டரை மறந்துவிட எல்லா வசதியும் அவருக்கு இருந்தது.

அவர் விலகியிருந்தபோது மற்றவர்கள்

நான்கு சுழலி யோசனை அதற்குள் மற்றவர்களிடம் போயிருந்தது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜோர்ஜ் டி போதெசாத், அமெரிக்க ராணுவத்துக்காக நான்கு சுழலி இயந்திரம் ஒன்றைக் கட்டினார். 1922 டிசம்பர் 18-ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது எழும்பி, 1 நிமிடம் 42 விநாடி மிதந்தது. யாரும் பிடிக்கவில்லை. ஆனால் அதை ஓட்டுவதே பெரிய தலைவலியாக இருந்தது; அமைப்பும் மிகச் சிக்கல். ராணுவம் 1924-இல் திட்டத்தைக் கைவிட்டது.

பிரான்சில் எத்தியேன் ஓமிஷென் என்ற பொறியாளர் வேறு வழியில் போனார். நான்கு பெரிய சுழலிகள் தூக்குவதற்கு. அவை போக எட்டுச் சின்ன விசிறிகள், சமநிலைக்கும் திருப்புவதற்கும் முன்னால் போவதற்கும். மொத்தம் 12 சுழல்கின்றன, எல்லாம் ஒரே இயந்திரத்தின் சக்தியில்! 1924 மே 4-ஆம் தேதி அவர் ஒரு கிலோமீட்டர் சுற்றுப்பாதையை முடித்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பினார். எடுத்த நேரம் 7 நிமிடம் 40 விநாடி. நடந்து போனாலும் அதற்குள் முக்கால்வாசித் தூரம் போய்விடலாம். ஆனால் ஹெலிகாப்டர் வகை இயந்திரத்தில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான்.

இரண்டு முயற்சிகளும் ஒரே சுவரில் போய் முட்டின. விசிறிகளைக் கூட்டக் கூட்டப் பற்சக்கரங்களும் தண்டுகளும் எடையும் கூடின. கட்டுப்பாடு அந்த அளவுக்குக் கூடவில்லை.

சுவரில் ஓட்டை போட்டவர் ஸ்பெயின்காரர். ஹுவான் தெ லா சியெர்வா என்ற பொறியாளர் கட்டியது ஆட்டோஜைரோ. அதில் முன்னால் ஒரு சாதாரண விசிறி இழுக்கும். தலைமேல் உள்ள சுழலி இயந்திரச் சக்தி இல்லாமல் காற்றிலேயே சுற்றும். அவருக்கு வந்த தொல்லை இதுதான். சுழலி சுற்றிக்கொண்டே முன்னால் போகும்போது, ஒரு பக்க இறக்கை காற்றை எதிர்த்து வேகமாகப் போகிறது. மறுபக்க இறக்கை காற்றோடு சேர்ந்து பின்வாங்குகிறது. வேகமாகப் போகும் பக்கம் தூக்கல் அதிகம். விளைவு, இயந்திரம் பக்கவாட்டில் கவிழும்.

அவர் இறக்கையின் அடியில் ஒரு கீல் வைத்தார், கதவுக்கு வைக்கிற மாதிரி. தூக்கல் அதிகமான பக்கத்து இறக்கை தானாக மேலே மடங்கிக் கொடுத்துவிடும்; உடம்பு கவிழாது. 1923 ஜனவரியில் இந்தக் கீல் வைத்த இயந்திரம் ஒழுங்காகப் பறந்தது. இறக்கையை இறுக்கிக் கட்டாமல் தளரவிட்டதில் வந்த தீர்வு இது. கடிகாரக் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு இந்தச் சின்ன இயந்திர நுணுக்கம் எப்படிப் பிடித்திருக்கும் என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க.

51 வயதில் மறுபடியும்

1931-இல் ப்ரெகே பழைய வேலையைத் திரும்பக் கையில் எடுத்தார். இந்த முறை கூட்டாளி ரெனே தோரான் என்ற இளம் பொறியாளர். பிரெஞ்சு அரசும் ஒப்பந்தம் கொடுத்தது. உயரம், வேகம், நேரம், நின்ற இடத்தில் மிதப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எட்ட வேண்டிய அளவு இருந்தது.

புதிய இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஆய்வுக்கூட ஜைரோபிளேன். பெயரிலேயே அடக்கம் தெரிகிறது இல்லையா? விற்பதற்கு இல்லை, கற்றுக்கொள்வதற்கு.

நான்கு மூலைகளில் நான்கு சுழலி என்ற யோசனையை அவர் விட்டுவிட்டார். எதிரெதிராகச் சுற்றுவது என்ற யோசனையை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரே அச்சில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பெரிய சுழலிகள். ஒவ்வொன்றிலும் இரண்டே இறக்கைகள். அகலம் 16 மீட்டருக்கு மேல். மேலே இருப்பது ஒரு பக்கம், கீழே இருப்பது மறுபக்கம். முறுக்குக் கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது. நீண்ட கைகள் வேண்டாம், வார்ப்பட்டைகள் வேண்டாம்.

கட்டுப்பாடு? 1907-இல் காணாமல் போயிருந்த அந்தப் பகுதிக்குத்தான் இப்போது எல்லா உழைப்பும் போனது. இறக்கைகளுக்குக் கீல் இருந்தது. அதைவிட முக்கியம், இறக்கைகள் ஒவ்வொரு சுற்றிலும் தங்கள் சாய்வுக் கோணத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். விமானி பிடியை முன்னால் தள்ளினால், இறக்கை பின்பக்கம் வரும்போது அதிகமாகவும் முன்பக்கம் வரும்போது குறைவாகவும் தூக்கும். மொத்தச் சுழலியும் முன்னால் சாய்ந்து இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போகும். எல்லா இறக்கைகளின் கோணத்தையும் ஒன்றாகக் கூட்டினால் மேலே, குறைத்தால் கீழே. திரும்ப வேண்டுமா? ஒரு சுழலியின் கோணத்தைக் கூட்டி, மற்றதைக் குறைத்தால் போதும். முறுக்குச் சமநிலை வேண்டுமென்றே கெட்டு, உடம்பு திரும்பும்.

இந்தக் கடைசித் தந்திரத்தைக் கவனிச்சீங்களா? 1907-இல் எதிரியாக இருந்த முறுக்கு இங்கே திருப்பும் கைப்பிடியாக மாறிவிட்டது. உங்கள் ட்ரோன் நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புவதும் இதே வழியில்தான். ஒரு ஜோடி விசிறிகளை வேகப்படுத்தி மற்ற ஜோடியை மெதுவாக்கும்.

வேலை நேராகப் போகவில்லை. 1933-இல் தயாராகிச் சோதனையில் இருந்தபோது ஒரு விபத்து, இயந்திரம் சேதமடைந்தது. திருத்த நீண்ட நாள் எடுத்தது. 1935 ஜூன் 26-ஆம் தேதி, பாரிசுக்குப் பக்கத்தில் வில்லாகுப்லே விமானத்தளத்தில், மோரீஸ் கிளேஸ் என்ற விமானி அதை மேலே கொண்டுபோனார்.

கைகளைப் பிடிக்க ஆள் யாரும் நிற்கவில்லை.

அடுத்த ஒன்றரை ஆண்டில் அந்த இயந்திரம் சாதனை மேல் சாதனை செய்தது. 1935 டிசம்பரிலேயே வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கியது. 1936 செப்டம்பரில் உயரம் 158 மீட்டர், அதாவது சுமார் 50 மாடிக் கட்டட உயரம். அதே ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி 1 மணி 2 நிமிடம் 5 விநாடி இறங்காமல் பறந்து 44 கிலோமீட்டரைக் கடந்தது.

துவேயில் முழங்கால் உயரம் எழும்பியதோடு ஒப்பிட்டால், இதைத்தான் உண்மையாகவே ஓட்டக்கூடிய முதல் ஹெலிகாப்டர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் பெரும்பாலான மக்களுக்கு அந்தப் பெயர் தெரியாது.

ஏன் தெரியாமல் போனது?

முதல் காரணம் ஜெர்மனி. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1936 ஜூன் 26-ஆம் தேதி, ஹைன்ரிச் ஃபோக்கேயின் ஹெலிகாப்டர் பறந்தது. அதிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சுழலிகள்தான், ஆனால் பக்கவாட்டில் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. 1937-இல் அது 2,400 மீட்டருக்கு மேல் போய்விட்டது. ப்ரெகேயின் 158 மீட்டர் என்னவாயிற்று என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 1938-இல் ஹானா ரைட்ஷ் என்ற பெண் விமானி அதை பெர்லினில் ஒரு மூடிய அரங்குக்குள்ளேயே பறக்கவிட்டுக் காட்டினார். உலகம் அதைத்தான் பார்த்தது.

இரண்டாவது காரணம் போர். 1939-இல் பிரான்சில் ஜைரோபிளேன் வேலை நின்றது. இயந்திரம் வில்லாகுப்லேயிலேயே கிடந்தது. ஊர் ஜெர்மானியர் கையில். 1943-இல் நேச நாட்டு விமானங்கள் அந்தத் தளத்தின்மீது குண்டு வீசியபோது ஆய்வுக்கூட ஜைரோபிளேனும் அழிந்தது. பிரான்சை மீட்க வந்தவர்களின் குண்டில் போயிற்று.

மூன்றாவது, அமெரிக்காவில் இகோர் சிக்கோர்ஸ்கி. 1939 செப்டம்பரில் அவர் மேலே எழுப்பிய இயந்திரத்தில் தலைமேல் ஒரே ஒரு பெரிய சுழலி. முறுக்கைச் சமாளிக்க வாலில் ஒரு சின்ன விசிறி. எதிரெதிர்ச் சுழலிகளே வேண்டாம்! அமைப்பு சுலபம், தயாரிப்பதும் சுலபம். இன்று மருத்துவமனைக் கூரையில் இறங்கும் ஹெலிகாப்டரில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்த வகைதான்.

ப்ரெகே வகை மறைந்துவிடவில்லை. ரஷ்யாவின் காமோவ் ஹெலிகாப்டர்கள் ஒரே அச்சில் இரண்டு எதிரெதிர்ச் சுழலிகளோடுதான் பறக்கின்றன. 2021 ஏப்ரல் 19-ஆம் தேதி செவ்வாய்க் கோளில் 39 விநாடி எழும்பி மிதந்த நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுவிட்டியும் அதே அமைப்புதான். 1907-இன் நான்கு மூலை அமைப்புக்கோ மலிவான சின்ன மோட்டார்களும் விரல்நக அளவு உணர்கருவிகளும் வர வேண்டியிருந்தது. அவை வந்ததும் கடைக்குக் கடை ட்ரோன்.

கடைசி முயற்சி

போருக்குப் பிறகும் ப்ரெகே விடவில்லை. அவரது நிறுவனம் ஒரே அச்சில் இரண்டு எதிரெதிர்ச் சுழலிகள் கொண்ட பயணிகள் ஹெலிகாப்டர் ஒன்றைக் கட்டியது. 1949-இல் அது பறந்தது. அவருக்கு அப்போது 69 வயது. அதைத் திருத்தி, பெரிதாக்கி இன்னொரு வடிவமும் செய்தார்கள். தொடர்ந்து தயாரிக்கும் கட்டத்துக்கு அது போகவே இல்லை, கைவிட்டார்கள். நிறுவனம் விமானங்களோடு தொடர்ந்தது. 1971-இல் தசோ நிறுவனத்தோடு இணைந்தது.

லூயி ப்ரெகே 1955 மே 4-ஆம் தேதி, பாரிசை அடுத்த சேன்-ஜெர்மேன்-ஆன்-லேயில் காலமானார். வயது 75. மே 4 என்பது 31 ஆண்டுகளுக்கு முன் ஓமிஷென் தம் நான்கு சுழலி இயந்திரத்தில் அந்த ஒரு கிலோமீட்டரைச் சுற்றி வந்த அதே தேதி. ஓமிஷெனும் அதே ஆண்டு ஜூலையில் இறந்துபோனார்.